பாட்டும் போடணும், படமும் வரையணும்: ரெண்டையும் தொழிலா கொண்டு போறது எப்படி

போன வாரம் குலசேகரத்துல இருந்து ஒரு தம்பி ஃபோன் பண்ணினான். "அண்ணே எனக்கு கீபோர்டும் வருது, ஓவியமும் வருது, ரெண்டுலயும் கொஞ்சம் கொஞ்சம் காசும் வருது, ஆனா வீட்ல எல்லாரும் ரெண்டு வள்ளத்துல கால் வைக்காதலே, ஒண்ண விடுன்னு சொல்லுதாவ, எத விடட்டும்?" அப்டின்னு கேட்டான். எத விடணும்னு நான் சொல்லல, சொல்லவும் மாட்டேன், ஏன்னா பதினாலு வருஷமா நானும் இந்த ரெண்டையும்தான் பண்ணிட்டு இருக்கேன். கன்னியாகுமரி மாவட்டத்துல தக்கலை பக்கத்துல ஒரு ஓட்டு வீடு, அதுல ஒரு ரூம்ல மைக்கும் ஸ்பீக்கரும், பின்னால சாய்ப்புல, அதாவது வீட்டோட ஒட்டி இறக்கின கூரைக்கு அடியில, படம் நிறுத்துற ஈசல் ஸ்டாண்டும் கேன்வாஸும். சர்ச் ஆல்பம், கொடைக்கு, அதாவது ஊர்க் கோயில் திருவிழாவுக்கு, பக்திப் பாட்டு, ஷார்ட் ஃபிலிம் பிஜிஎம், ஜவுளிக்கடை விளம்பரம் இதெல்லாம் ஒரு பக்கம், போர்ட்ரெய்ட், சுவர் ஓவியம், எனக்காக வரையுற படங்கள் இன்னொரு பக்கம். அந்த தம்பிகிட்ட ஃபோன்ல ஒரு மணி நேரம் பேசினத கொஞ்சம் விரிச்சு இங்க எழுதுறேன், இதே கேள்வியோட இருக்குற மத்தவங்களுக்கும் ஆகும்.

ரெண்டு வள்ளம்னு சொல்றவங்களுக்கு நான் சுசீந்திரம் கோயிலத்தான் காட்டுவேன். அலங்கார மண்டபத்துல இருக்குற இசைத் தூண்கள் ஒவ்வொண்ணும் ஒரே கல்லுல செதுக்கினது, பெரிய தூணுக்குள்ள கொத்தா சின்ன சின்ன தூண்கள், தட்டினா ஒவ்வொண்ணுக்கும் ஒரு சத்தம். அத செஞ்ச ஆள் உளியப் பிடிச்சுட்டே காதையும் வச்சுதான் வேல பாத்திருக்கணும், ஒரு நூல் கூட செதுக்கிட்டா சுதி போயிரும். கண்ணும் காதும் ஒரே ஆள்கிட்ட சேந்து இருக்குறது நம்ம ஊருக்கு புதுசு கிடையாது.

இப்போ விஷயத்துக்கு வாரேன். எல்லாரும் கேக்குறது நேரத்த எப்படி பாதி பாதியா பிரிக்கிறதுன்னுதான். நான் பாத்த வரைக்கும் பிரச்சன நேரத்துல இல்ல. பாட்டு என்ன ஆச்சுன்னு கேக்க ஆள் உண்டு, படம் என்ன ஆச்சுன்னு கேக்க ஆள் கிடையாது, அவ்வளவுதான் பிரச்சன. ஒரு ஆல்பம் ஒத்துக்கிட்டா பாடகர் ஃபோன் பண்ணுவாரு, சர்ச் பாட்டுக் குழுவ நடத்துற கொயர் மாஸ்டர் ஃபோன் பண்ணுவாரு, கொடை கமிட்டில இருந்து மூணு பேர் மாறி மாறி "என்ன ஆச்சு, டிராக் ரெடியா"ன்னு கேப்பாங்க. ஆனா சாய்ப்புல நிக்குற படம் வாயத் தெறக்காது, மூணு மாசம் தொடலேன்னாலும் ஊர்ல ஒருத்தரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. அப்டியே விட்டா சத்தம் போடுற வேல சத்தம் போடாத வேலைய பைய பைய முழுங்கிரும், மூணாவது வருஷம் நீங்க ஒரு மியூசிக் டைரக்டர், "முன்னாடி நல்லா வரைவாரு"ன்னு சொல்ற ஒரு ஆள். சில பேருக்கு இது தலைகீழா இருக்கும், ஸ்கூல் சுவர், பேக்கரி சுவர்னு வரிசையா கான்ட்ராக்ட் வந்துட்டே இருக்கும், பாட்டு ஃபோன்ல வாய்ஸ் ரெக்கார்டிங்காவே கெடக்கும். உங்களுக்கு எது எத முழுங்குதுன்னு முதல்ல கண்டுபிடிங்க. ஒரு மாசத்துக்கு ராத்திரி படுக்கப் போறதுக்கு முன்னாடி ஒரே ஒரு வரி எழுதி வைங்க, இன்னைக்கு எதுல எத்தன மணி நேரம், அது யாரு கேட்டதுக்காக செஞ்சது. முப்பது நாள் கழிச்சு அந்த நோட்ட பாத்தா பதில் தானா தெரியும், எனக்கு முதல் தடவ எழுதினப்போ படத்துக்கு மாசத்துல மொத்தமே ஒம்போது மணி நேரம்தான் வந்துச்சு, பாத்துட்டு ரொம்ப நேரம் பேசாம உக்காந்திருந்தேன்.

அதுக்கு அப்புறம் வச்ச ஒரே சட்டம் இதுதான். கேக்க ஆள் இல்லாத வேலைக்கு நாளோட முதல் மூணு மணி நேரம். எனக்கு அது காலையில அஞ்சரைல இருந்து எட்டரை. அந்த நேரத்துல யாரும் ஃபோன் பண்ண மாட்டாங்க, ஆறு மணிக்கு மேல நல்ல வெளிச்சம் வந்துரும், வெயில் ஏறாத வெளிச்சத்துல கலர் உள்ளபடி தெரியும், ட்யூப்லைட்ல கலக்குன பச்சை காலையில வேற பச்சையா இருக்குறத வரையுறவங்க எல்லாருமே பாத்திருப்பீங்க. ஃபோன் ஸ்பீக்கர் ரூம்ல சார்ஜ்ல கெடக்கும், சாய்ப்புக்கு வராது. எட்டரைக்கு மேல யாருக்காகவும் என்ன வேலனாலும் பாப்பேன், மனசு உறுத்தாது, ஏன்னா அன்னைக்கு உள்ளது ஏற்கனவே முடிஞ்சாச்சு. வேலைக்குப் போறவங்களுக்கு மூணு மணி நேரம் கிடைக்காது, ஒரு மணி நேரம் போதும், ஆனா அது முதல் மணி நேரமா இருக்கணும், மிச்சம் வர்ற நேரத்துல பாக்கலாம்னு வச்சா மிச்சமே வராது.

அடுத்தது இதுல எனக்கு ரொம்ப நாள் வெளங்காம இருந்த ஒண்ணு. டியூன் போடுறதும் படத்துக்கு ஐடியா யோசிக்கிறதும் ஒரே மண்டையில ஒரே இடத்துல நடக்குற வேல, ரெண்டையும் ஒரே நாள்ல வச்சா ரெண்டும் பாதில நிக்கும். எங்க அப்பா ரப்பர் வெட்டு தொழிலாளி, ஒரே மரத்த தெனமும் வெட்ட மாட்டாரு, ஒண்ணு விட்டு ஒருநாள்தான், இன்னைக்கு மேல தோட்டம்னா நாளைக்கு கீழ தோட்டம், "பால் ஊறுகதுக்கு மரத்துக்கு நேரம் குடுக்கணும் மக்கா"ன்னு சொல்லுவாரு. நான் அதையே பிடிச்சுக்கிட்டேன். திங்கள் புதன் வெள்ளி காலையில புது படம் யோசிக்கிறது, ஸ்கெட்ச், கலர் ஸ்டடி, அந்த நாள்ல பாட்டுப் பக்கம் கை வேலதான், எடிட்டிங், நாய்ஸ் எடுக்குறது, மிக்ஸிங், ஃபைல் அனுப்புறது. செவ்வாய் வியாழன் சனி காலையில படத்துல கை வேல, கேன்வாஸ் இழுத்து அடிக்கிறது, கலருக்கு முன்னாடி ஜெஸ்ஸோன்னு வெள்ளைப் பூச்சு போடுறது, பின்னணி நிரப்புறது, அன்னைக்கு சாயங்காலம் டியூன் போட உக்காருவேன், மண்டை புதுசா இருக்கும். யோசிக்கிற வேலைய இன்னொண்ணோட கை வேலையோட ஜோடி சேக்கணும், யோசிக்கிறதோட யோசிக்கிறத சேக்கக் கூடாது.

இந்த ஜோடி சேக்குறதுல ஒரு வசதி என்னன்னா காத்திருக்குற நேரம் வீணாகாது. மெல்லிசா போட்ட அக்ரிலிக் நல்ல வெயில் நாள்ல பத்து நிமிஷத்துல இருந்து அரை மணி நேரத்துக்குள்ள காஞ்சிரும். மிக்ஸிங் பண்றவங்களுக்கு முக்கால் மணி நேரத்துக்கு ஒருக்கா காதுக்கு பதினஞ்சு நிமிஷம் ஓய்வு வேணும், இல்லேன்னா காது மரத்துப் போய் ஹைஸ, அதாவது கீச்சுன்னு கேக்குற மேல் சத்தத்த, ஏத்தி ஏத்தி வச்சு மறுநாள் கேட்டா தகரம் மாதிரி இருக்கும். ரெண்டையும் சேத்து ஓட்டலாம். ஒரு கோட் அடிச்சு வச்சுட்டு வந்து மிக்ஸ்ல உக்காருங்க, காது அலுத்ததும் எழுந்து போய் அடுத்த கோட். ஆயில் பெயின்ட்னா இந்தக் கணக்கு ஆகாது, அது தொட்டா ஒட்டாம இருக்கவே பல நாள் ஆகும், வார்னிஷ் போட ஆறு மாசத்துக்கு மேல பொறுக்கணும், அதனால ஆயில் படத்த ஆல்பம் வேல மும்முரமா இருக்குற மாசத்துல வைங்க, அது பாட்டுக்கு காஞ்சிட்டு கெடக்கும்.

வேலைய பாதில விட்டு மாறும்போது ஒரு சின்ன பழக்கம் வேணும். நிறுத்துற இடத்துல அடுத்து என்னன்னு ஒரு வரி எழுதி வச்சுட்டு எழுந்திரிங்க. நான் மாஸ்கிங் டேப்ப ஒரு விரல் நீளம் கிழிச்சு கேன்வாஸ் ஓரத்துல ஒட்டி பென்சில்ல எழுதுவேன், "பாட்டி இடது கை நிழல்ல இன்னும் கொஞ்சம் நீலம்" இந்த மாதிரி. பாட்டு ப்ராஜெக்ட் ஃபைல்லயும் நோட்ஸ்ல "ரெண்டாவது சரணத்துல புல்லாங்குழல் அதிகம், குறை"ன்னு போட்டு மூடுவேன். ரெண்டு நாள் கழிச்சு வந்து நிக்கும்போது எங்க விட்டோம்னு தேடுறதுக்கு அரை மணி நேரம் போகும்லா, அது போகாது.

ரூம் விஷயம். ஒரே ரூம்ல ரெண்டையும் வைக்காதீங்க, இத கொஞ்சம் அழுத்தியே சொல்றேன். சத்தம் வெளிய போகாம இருக்கணும்னு ரெக்கார்டிங் ரூம காத்து புகாம அடைச்சு வச்சிருப்போம், அந்த ரூம்ல ஆயில் பெயின்ட் கரைக்கிற டர்பன்டைன் பாட்டில தொறந்தா அந்த ஆவி அங்கயேதான் சுத்தும், தலவலி, கண்ணெரிச்சல், தல சுத்தல் எல்லாம் வரும், தொடர்ந்து இருந்தா ஒடம்புக்கு கெடுதி. பேஸ்டல், சார்க்கோல் தூள் மைக்குக்குள்ளயும் மிக்ஸர் ஃபேடருக்குள்ளயும் இறங்கும். வீட்ல இருக்குறதே ஒரு ரூம்தான்னா ரெக்கார்டிங் ரூமுக்குள்ள, படம் வெளித் திண்ணையிலயோ சாய்ப்புலயோ மாடிப்படி அடியிலயோ, காத்து போற இடமா பாத்து வைங்க. ஆயில் வேணாம், அக்ரிலிக்கும் வாட்டர்கலரும் மட்டும்னு முடிவு பண்ணினா இன்னும் நல்லது.

இனி மழை. நம்ம மாவட்டத்துல இந்தத் தொழில் பண்றவங்க மழையக் கேக்காம காலண்டர் போட முடியாது, ஜூன்ல எடவப்பாதின்னு சொல்ற தென்மேற்கு மழை ஒரு தடவ, ஐப்பசி கார்த்திகைல இன்னொரு தடவன்னு ரெண்டு மழை நமக்கு. ஓட்டுலயும் ஆஸ்பெஸ்டாஸ்லயும் மழை விழும்போது வோக்கல், அதாவது பாடுற குரல், எடுக்கவே முடியாது, கம்ப்யூட்டர்ல எந்த ப்ளக்இன் போட்டாலும் அந்த இரைச்சல் குரலோட ஒட்டிக்கிட்டேதான் இருக்கும். அதனால பாடகர்களுக்கு ஜூன் ஜூலைல டேட் குடுக்காதீங்க, குடுத்தாலும் "மழை பெஞ்சா மறுநாள்"னு முன்னாடியே சொல்லி வைங்க. அது வரையுற மாசம். கிறிஸ்மஸ் ஆல்பத்துக்கு ஆகஸ்ட்ல இருந்தே ஆள் வரத் தொடங்கிருவாங்க, அக்டோபருக்குள்ள மிக்ஸ் முடிஞ்சாதான் நவம்பர்ல வெளியிட முடியும், அந்த மூணு மாசம் பாட்டு மாசம், படம் காலையில உள்ள மூணு மணி நேரத்தோட நிக்கும். ஜனவரி பிப்ரவரி வானம் தெளிஞ்சு கெடக்கும், முட்டத்துலயோ சிதறால் மலையிலயோ போய் உக்காந்து வரைய அத விட நல்ல நாள் கிடையாது, ஆயிலும் ஓரளவு ஒழுங்கா காயும். மாசில மண்டைக்காட்டு கொடை, அதுல இருந்து பங்குனி சித்திரைன்னு ஊர் ஊரா கொடை வரும், ஈஸ்டருக்கு முன்னாடி சர்ச்சுக்கு தபசு காலப் பாட்டு, அப்புறம் மே லீவுக்கு விபிஎஸ்னு சர்ச்ல பிள்ளைங்களுக்கு நடத்துற விடுமுறை வகுப்புக்குப் பாட்டு, இதெல்லாம் சின்ன சின்ன வேல, ஆனா கையில காசு நிக்கும். ராத்திரி ரெக்கார்டிங் வைக்கிறவங்க பக்கத்து கோயில் கொடை தேதியையும் சர்ச் திருவிழா தேதியையும் காலண்டர்ல மார்க் பண்ணி வச்சிருங்க, குழாய் ஸ்பீக்கர் கட்டின பத்து நாளும் மைக்க வெளிய எடுக்க வேண்டாம். சித்திரை மாசமும் ஐப்பசியும் இடி மின்னல் அதிகம், மேகம் இருட்டுதுன்னா மைக்க கம்ப்யூட்டரோட சேக்குற இன்டர்ஃபேஸ், ஸ்பீக்கர், கம்ப்யூட்டர் எல்லாத்தோட பிளக்கையும் கழட்டிருங்க, சுவிட்ச ஆஃப் பண்ணினா மட்டும் போதாது.

ஈரம் படத்துக்கு என்ன செய்யும்னு நான் பட்டுத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். ஒரு ஆகஸ்ட் மாசம், ரெண்டு மாசமா ஆல்பம் வேலையிலயே கெடந்துட்டு, கட்டிலுக்கு அடியில வச்சிருந்த வாட்டர்கலர் ஃபோல்டர இழுத்து தொறந்தேன். முதல்ல வாசன வந்துச்சு, நனஞ்ச சாக்கு வாசன. மேல இருந்த பேப்பர்ல வானம் வரைஞ்ச இடம் பூரா பழுப்புப் புள்ளி, தேயிலைத் தூள் தூவின மாதிரி, தடவிப் பாத்தா போகல, பேப்பருக்குள்ளயே இறங்கிடுச்சு. பதினேழு படம், அதுல பத்மநாபபுரம் அரண்மனை மரத்தூண்கள ரெண்டு வருஷமா போய்ப் போய் வரைஞ்சது ஆறு. 300 ஜிஎஸ்எம் கனமுள்ள நல்ல பேப்பர்தான், பேப்பர் மேல தப்பு இல்ல, காத்து போகாத தரையோரத்துல வச்சதுதான் தப்பு. இப்போ பேப்பர் படம் எல்லாம் இரும்பு அலமாரில மேல் தட்டுல, ரெண்டு படத்துக்கு நடுவுல ஆசிட் இல்லாத தாள், பிளாஸ்டிக் கவர்ல போட்டு உள்ள சிலிக்கா ஜெல், அந்த சிலிக்கா ஜெல்ல மழை சீசன்ல பதினஞ்சு நாளைக்கு ஒருக்கா மாத்துவேன், இல்லேன்னா சூடாக்கி திரும்ப வைப்பேன். கேன்வாஸ சுவரோட ஒட்டி சாச்சு வைக்க மாட்டேன், ரெண்டு இஞ்ச் கட்டை குடுத்து தள்ளித்தான் வைப்பேன். ஹார்மோனியம், கிடார் கம்பி இதுக்கும் இதே கதிதான், கடலோரத்துல இருக்குறவங்களுக்கு உப்புக் காத்துல கம்பி துருப்பிடிக்கிற வேகம் தெரியும், வாசிச்சு முடிச்சா தொடச்சு பெட்டியில வைக்கணும். பாட்டு ஃபைலுக்கு பூஞ்ச பிடிக்காது, ஆனா ஹார்ட் டிஸ்க் போகும், மூணு காப்பி வைங்க, ஒண்ணு வீட்ட விட்டு வெளிய இருக்கட்டும், என்னோடது தங்கச்சி வீட்ல இருக்கு. படங்களையும் முடிஞ்ச அன்னைக்கே நல்ல வெளிச்சத்துல ஃபோட்டோ எடுத்து அதே டிஸ்க்ல போடுங்க, அந்த பதினேழுல எனக்கு இன்னைக்கு மிச்சம் இருக்குறது ஃபோட்டோ எடுத்து வச்சிருந்த நாலுதான்.

காசு பத்தி பேசணும். தொடக்கத்துல ரெண்டும் சமமா சோறு போடாது, எது சோறு போடுதுன்னு ஒத்துக்கிட்டு அத கவனமா வச்சுக்கோங்க, மத்தத காசுக்காக அவசரப்படுத்தாதீங்க. ரெண்டு வருமானத்தையும் ரெண்டு பேங்க் அக்கவுண்ட்ல வாங்குங்க, வருஷக் கடைசில எது எதுக்கு கடன் குடுத்துச்சுன்னு தெளிவா தெரியும். பாட்டுக்கு "ஒரு பாட்டு இவ்வளவு"ன்னு மொத்தமா சொல்றத நான் விட்டுட்டேன், டியூனுக்கு இவ்வளவு, ப்ரோகிராமிங்குக்கு இவ்வளவு, வாசிக்கிறவங்களுக்கு, பாடகருக்கு, மிக்ஸ் மாஸ்டருக்கு இவ்வளவுன்னு பிரிச்சு எழுதிக் குடுப்பேன், திருத்தம் ரெண்டு தடவ, மூணாவதுக்கு தனிக் காசு, பாதி அட்வான்ஸ். இப்படிப் பிரிச்சுக் காட்டும்போது பேரம் கூட மரியாதையா நடக்கும். படத்துக்கு சதுர இஞ்ச் கணக்கு. 18க்கு 24ன்னா 432 சதுர இஞ்ச், உங்க ரேட் இஞ்சுக்கு 20 ரூபாய்னா 8,640, கேன்வாஸும் ஃப்ரேமும் தனி. முகத்தப் பாத்து விலை சொல்லாதீங்க, மாமா பையனுக்கு ஒண்ணு, வெளிநாட்ல இருந்து வந்தவங்களுக்கு ஒண்ணுன்னு சொன்னா ஊர்ல ரெண்டே நாள்ல தெரிஞ்சுரும். கம்பெனிங்க ஃபீஸ் குடுக்கும்போது 10 சதவீதம் டிடிஎஸ்னு முன்கூட்டியே வரி பிடிச்சா அது போன காசு இல்ல, ரிட்டர்ன் ஃபைல் பண்ணினா உங்க வரிக் கணக்குல வரும், அதிகம்னா திரும்பியும் கிடைக்கும், எத்தனையோ பேர் இத விட்டுட்டு இருக்காங்க.

உரிமை விஷயத்துல ரெண்டு கலையும் பண்றவங்க மத்தவங்கள விட ஜாக்கிரதையா இருக்கணும், ஏன்னா நம்மகிட்ட "பாட்டையும் போட்டு அட்டைப் படத்தையும் நீங்களே வரைஞ்சு குடுத்துருங்க"ன்னு சேத்துத்தான் கேப்பாங்க. எனக்கு அப்படி ஒண்ணு வந்துச்சு. அஞ்சு பாட்டு, ஒரு அட்டைப் படம், மொத்தமா ஒரு தொகை, எல்லாம் வாய்ப்பேச்சு. அடுத்த வருஷம் பஸ்ல போயிட்டு இருக்கேன், நான் வரைஞ்ச அந்த படம் ரோட்டோரத்துல இருபது அடி ஃப்ளெக்ஸ்ல நிக்குது, அப்புறம் காலண்டர்ல, அப்புறம் டீ ஷர்ட்ல. கேட்டப்போ "காசு குடுத்தாச்சுல்லா"ன்னு ஒரே பதில். படிச்சுப் பாத்தா சட்டமும் அவங்க பக்கம்தான் இருந்துச்சு, 1957 காப்பிரைட் சட்டம் 17வது பிரிவுல, காசு குடுத்து சொல்லி வரையச் சொன்ன ஓவியத்துக்கு, போர்ட்ரெய்ட்டுக்கு, வேற ஒப்பந்தம் இல்லேன்னா வரையச் சொன்னவங்கதான் முதல் உரிமையாளர். நீங்களா வரைஞ்சு பின்னால விக்குற படம் அப்படி இல்ல, படம் அவங்க வீட்டுக்குப் போனாலும் காப்பிரைட் உங்ககிட்டதான், நீங்க எழுதிக் குடுக்குற வரைக்கும். அதனால ஆர்டர் எடுக்கும்போதே ஒரு பக்கத்துல எழுதி ரெண்டு பேரும் கையெழுத்து போடுங்க, என்ன வேல, எதெதுக்கு பயன்படுத்தலாம், எத்தன வருஷம், எந்த நாட்டுக்குள்ள. உரிமைய மாத்திக் குடுக்கும்போது காலம் எழுதலேன்னா 5 வருஷம், இடம் எழுதலேன்னா இந்தியாவுக்குள்ள மட்டும்னு 19வது பிரிவு சொல்லுது, ஆனா அதுக்கும் எழுத்துல கையெழுத்தோட இருக்கணும். பாட்டுக்கு 2012ல வந்த திருத்தம் நமக்கு பெரிய பிடி, உரிமைய எழுதிக் குடுத்துட்டாலும் இசையமைப்பாளருக்கும் பாட்டு எழுதினவருக்கும் ராயல்டி பங்கு உண்டு, சினிமாப் பாட்டுன்னா தியேட்டர்ல படத்தோட ஓடுறது மட்டும் அதுல சேராது, அத வசூல் பண்ண ஐபிஆர்எஸ்ங்கிற ராயல்டி வசூல் சங்கத்துல மெம்பர் ஆகணும். ஓவியத்துக்கும் இதே மாதிரி ஒண்ணு இருக்கு, அதே சட்டத்துல 53ஏ பிரிவு, ஒரிஜினல் படம் பின்னால கை மாறி 10,000 ரூபாய்க்கு மேல விலை போனா, முதல் உரிமையாளரா இருந்த ஓவியருக்கு அதுல ஒரு பங்கு கேக்க உரிமை உண்டு, 10 சதவீதத்தத் தாண்டாது. இதுக்கெல்லாம் முதல்ல நம்ம பேர் படத்துல இருக்கணும், முன்னாலயும் பின்னாலயும் கையெழுத்தும் வருஷமும் போடுங்க.

பேரு ஒண்ணே வைங்க. பாட்டுக்கு ஒரு பேரு, ஓவியத்துக்கு இன்னொரு பேருன்னு வச்சவங்க ரெண்டு தடவ முதல்ல இருந்து ஏறுறாங்க. ஆனா காட்டுறது தனித்தனியா இருக்கட்டும், கொயர் மாஸ்டருக்கு பாட்டு லிங்க் மட்டும், திருவனந்தபுரத்துல கேலரில கேட்டா படம் மட்டும், பத்து படம் போதும், அதுவும் ஒரே வரிசைல ஒண்ணுக்கொண்ணு பேசுற படமா. ரெண்டையும் கலந்து ஒரே ஃபைல்ல அனுப்பினா பாக்குறவங்களுக்கு இவரு எதுல உறுதின்னு சந்தேகம் வரும், அது நியாயமான சந்தேகம்தான். அவங்களா கேட்டு தெரிஞ்சுக்கும்போது அதுவே உங்களுக்கு பலமா மாறும். நாகர்கோவில்ல இருந்து காலையில ட்ரெயின் ஏறினா திருவனந்தபுரம் போய் கண்காட்சி பாத்துட்டு ராத்திரிக்குள்ள திரும்பிரலாம், மாசம் ஒருக்கா போங்க, பியனாலேன்னு பெரிய கலைக் கண்காட்சி நடக்குற வருஷம் கொச்சிக்கு ரெண்டு நாள் ஒதுக்குங்க, சத்தமும் படமும் ஒரே ரூம்ல சேந்து நிக்குற வேலைகள அங்க பாக்கலாம், நம்ம ரெண்டு கையும் ஒரே வேலைக்கு ஆகுற இடம் அதுதான்.

ஒண்ணு இன்னொண்ணுக்கு எப்படி உதவும்னு கேட்டா, நான் நம்புறது ஒரு பயிற்சிதான். கேரளப் பாணி சுவர் ஓவியத்துல பஞ்சவர்ணம், காவிச் சிவப்பு, மஞ்சள், பச்சை, கறுப்பு, வெள்ளை, அஞ்சே கலர். மோகன ராகத்துல அஞ்சே ஸ்வரம். ஒரு வாரம் அந்த அஞ்சு கலர்ல மட்டும் வரையுங்க, அதே வாரம் அந்த அஞ்சு ஸ்வரத்துல மட்டும் டியூன் போடுங்க. மூணாவது நாள் எரிச்சல் வரும், நீலம் எடுக்கக் கை போகும், மத்யமம் தொடக் கை போகும், தொடாதீங்க. அஞ்சாவது நாள்ல இருந்து எங்க வெறுமையா விடணும்னு கண்ணுக்கும் காதுக்கும் சேந்தே தெரியும். வருஷத்துக்கு ரெண்டு வாரம் நான் இத செய்யுறேன், என் படத்துல கூட்டம் குறைஞ்சதும் என் பாட்டுல ஸ்ட்ரிங்ஸ் குறைஞ்சதும் இதுல இருந்துதான்.

உலகத்துல இத செஞ்சவங்க இருக்காங்க, ரவீந்திரநாத் தாகூர் 2,000க்கு மேல பாட்டுக்கு மெட்டு போட்டவரு, அறுபது வயசுக்கு மேலதான் முழுசா படம் வரையத் தொடங்கினாரு, 1930ல பாரிஸ்ல கண்காட்சி வச்சாரு, அதனால ரெண்டாவது கலைக்கு வயசு ஆயிருச்சேன்னு கவலப்படுறவங்க அவர நெனச்சுக்கோங்க. இன்னொருத்தரையும் நெனச்சுக்கணும், லிதுவேனியாவுல சுர்லியோனிஸ்னு ஒருத்தர், இசை படிச்சு முடிச்சு, 1904ல வார்சால ஓவியப் பள்ளில சேந்து, சில வருஷத்துல முன்னூறு படம் வரைஞ்சவரு, படங்களுக்கு மேற்கத்திய இசை வடிவமான சொனாட்டான்னு பேரு வச்சவரு. கையில காசு இல்ல, ஓய்வு இல்ல, மனசு ஒடிஞ்சு சிகிச்சைல இருந்தப்போ 1911ல 35 வயசுல நிமோனியாவுல போயிட்டாரு. அவரோட படங்கள பாக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கும்.

அதனால ஒடம்ப பாருங்க. காதுக்கு ஒரு கணக்கு இருக்கு, 85 டெசிபல் சத்தம்னா ஒரு நாளைக்கு 8 மணி நேரம்தான் கேக்கலாம், அதுக்கு மேல ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும், 88ல 4 மணி, 91ல 2 மணி. ஃபோன்ல சத்தம் அளக்குற ஆப் இருக்கு, ஸ்பீக்கர் முன்னால வச்சுப் பாத்து வால்யூம் எங்க நிக்கணும்னு ஒரு கோடு போட்டு வைங்க. மணிக்கட்டு இன்னொண்ணு, கீபோர்டும் மவுஸும் பிரஷும் ஒரே கையத்தான் கேக்கும், எனக்கு வலி வந்தப்போ மவுஸ இடது கைக்கு மாத்தினேன், ஒரு மாசம் கஷ்டமா இருந்துச்சு, இப்போ பழகிருச்சு.

ஓய்வு எப்போன்னு கேட்டா நான் கடல்ல இருந்து கத்துக்கிட்டேன். நம்ம மாவட்டத்துக்கு மீன்பிடி தடைக்காலம் ரெண்டு. சின்னமுட்டம் பக்கம் கிழக்குக் கடற்கரை கணக்கு, ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும். குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் பக்கம் மேற்குக் கடற்கரை கணக்கு, ஜூன் 1ல இருந்து ஜூலை 31 வரைக்கும். ஒரு பக்கம் விசைப்படகு கட்டிக் கெடக்கும்போது இன்னொரு பக்கம் ஓடும், ஆனா ஜூன் முதல் பதினாலு நாள் ரெண்டு பக்கமும் கட்டிக் கெடக்கும், அப்போ வலை பழுது பாப்பாங்க, எஞ்சின இறக்கி வைப்பாங்க, படகுக்கு பெயின்ட் அடிப்பாங்க. அந்த பதினாலு நாள் நானும் ரெண்டையும் கட்டிப் போட்டுருவேன், ஏப்ரல்லயே எல்லார்கிட்டயும் சொல்லிருவேன், கொயர் மாஸ்டருக்கும் இப்போ பழகிருச்சு, "ஜூன் பதினஞ்சுக்கு மேல வாரேன்"ன்னு அவரே சொல்லுவாரு. பிரஷ் எல்லாம் சோப்புல கழுவி முடிய நேராக்கி துணில சுத்தி வைப்பேன், காஞ்ச ட்யூப வெட்டிப் பாத்து மிச்சம் எடுப்பேன், கேபிள் ஒவ்வொண்ணா செக் பண்ணுவேன், ஹார்ட் டிஸ்க்ல பேரு இல்லாம கெடக்குற ஃபைல கேட்டுக் கேட்டு பேரு போடுவேன். போன ஜூன்ல அப்படித்தான் ஒரு ஃபைல் கிடைச்சுது, என்னைக்கோ ஒரு கொடையில ஃபோன்ல பிடிச்ச வில்லுப்பாட்டு, குடத்து மேல விழுற அடியும் வில்லுல தொங்குற மணியும்தான் தெளிவா கேக்குது, பாட்டு பாதில காத்துல போயிருது. பதினஞ்சாம் தேதி காலையில அஞ்சரைக்கு அத காதுல வச்சுட்டுத்தான் சாய்ப்புக்குப் போனேன், அன்னைக்கு தொடங்கின நாலடி கேன்வாஸ் இன்னும் ஈசல்லதான் நிக்குது, ஓரத்துல டேப்ல "வில்லுக்கு மேல இருக்குற இருட்ட அப்டியே விடு"ன்னு எழுதி ஒட்டி வச்சிருக்கேன்.